பிழை கண்டவர் கடமை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு நூல் வெளிவருகின்றது என்றால், அதன் பின்னால் ஒரு பதிப்பகம் நிற்பது அரிது. பெரும்பாலும் ஒரு குடும்பமே நிற்கின்றது. ஓய்வூதியப் பணத்திலோ, வங்கிக் கடனிலோ, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசிலோ சில நூறு பிரதிகள் அச்சாகின்றன. கவிதைத் தொகுதி, ஊர் வரலாறு, கோயில் மலர், மறைந்தவரின் முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் நினைவு மலர் என இவ்வாறு வரும் நூல்கள் பல. தெல்லிப்பழையிலும் அதன் அயலூர்களிலும் இத்தகைய நூல் இல்லாத வீடு குறைவு. எழுதியவரே வெளியிட்டவர், வெளியிட்டவரே விற்பவர், விற்கமுடியாதவற்றை அன்பளிப்பாகக் கொடுப்பவரும் அவரே.

இந்நூல்களிற் பிழைகள் மலிந்திருக்கின்றன என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் அப்பிழைகளைக் கண்ட நாம் என்ன செய்கின்றோம்? வெளியீட்டு விழாவில் விளக்கேற்றி, ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை என்று மேடையிற் புகழ்மாலை சூட்டுகின்றோம். கடிதவுறைக்குட் காசை வைத்துக் கொடுத்துப் பிரதியைப் பெற்றுக்கொள்கின்றோம். மண்டபத்துக்கு வெளியே வந்ததும், சைக்கிளை எடுப்பதற்கு முன்னரே, "முதற்பக்கத்திலேயே மூன்று பிழை" என்று சிரிக்கின்றோம். மேடையிற் பொய்யும் வாசலில் ஏளனமும்! இவ்விரண்டுக்கும் இடையே உண்மையை உரிய இடத்தில் உரிய முறையிற் சொல்லும் பண்பு நம்மிடையே வளரவில்லை. பிழை கண்ட வாசகருக்கு மௌனமாயிருக்கும் உரிமையும் இல்லை, எள்ளி நகையாடும் உரிமையும் இல்லை. கண்ட பிழைக்குரிய திருத்தத்தை அந்த நூலோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர் கடமை. இதனை வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

சொந்தச் செலவில் நூல் வெளியிடுவதை ஓர் இழிவாகக் கருதுவோர் உளர். அவர்கள் நம் அச்சு வரலாற்றை மறந்தவர்கள். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவித் தாம் எழுதியவற்றையும் பரிசோதித்தவற்றையும் தாமே அச்சிட்டார். சிறுப்பிட்டியிற் பிறந்து, தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும் பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியபோது அவருக்குப் பின்னால் எந்தப் பெருமுதலாளியும் நிற்கவில்லை. சொந்த வெளியீடு நமக்கு வந்த புது நோயன்று. அது நம் பதிப்புத்துறையின் முதுகெலும்பு.

அக்கால நூல்களின் முகப்புப் பக்கங்களைப் பார்த்தவர்கள் 'பரிசோதித்து' என்னும் சொல்லைக் கண்டிருப்பார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு 1868இல் தாமோதரம்பிள்ளையால் வெளியிடப்பட்டபோது அதனைப் பரிசோதித்தவர் நாவலர். ஒருவர் முயன்றார், மற்றொருவர் பார்த்தார். எழுதியவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணுக்குப் படும் என்னும் எளிய உண்மை அங்கே மதிக்கப்பட்டது. இன்றைய சொந்த வெளியீடுகளில் மறைந்துபோனது இந்த இரண்டாவது கண்ணே. உள்ளட்டையில் அட்டைப்பட ஓவியர் பெயர் உண்டு, கணினி வடிவமைப்பாளர் பெயர் உண்டு, அச்சகத்தின் தொலைபேசி எண்ணும் உண்டு. ஒப்புநோக்கியவர் பெயரைத் தேடினால் பல நூல்களில் அது இல்லை; அப்படி ஒருவர் இருக்கவில்லை என்பதே காரணம்.

ஏன் இருக்கவில்லை? ஒப்புநோக்குதல் உழைப்பு, உழைப்புக்குக் கூலி வேண்டும், காகிதத்துக்கும் மைக்குமே கடன்பட்டவரிடம் அக்கூலிக்குக் காசில்லை. சிறிய அச்சகத்திலே, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்று நாள்முழுதும் தட்டச்சுச் செய்யும் இளம்பெண், விளங்காத கையெழுத்தை விளங்கியவாறு அடிக்கின்றாள். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம்மாறிக் குழம்புவதும் உண்டு. விழா நாள் குறித்தாகிவிட்டது, அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது, கடைசி மெய்ப்பைப் பார்க்க நேரமில்லை. பின்னர் யாரேனும் பிழையைச் சுட்டினால், "அது அச்சகத்தார் விட்ட பிழை" என்று ஒரு வார்த்தை. பழி மேலிருந்து கீழிறங்கி, மிகக் குறைந்த கூலி பெற்றவளின் தலையில் வந்து நிற்கின்றது! ஆதலாற் பிழையைப் பற்றிப் பேசப் புகுமுன், அது பிறக்கும் பொருளாதார நிலையையும் நாம் உணர்ந்திருக்க வேண்டும். அந்த உணர்வு பிழையைப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணமாகாது. ஏளனத்தைக் கைவிடுவதற்குக் காரணமாகும்.

பிழைகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. வாசகர் முதலிற் செய்யவேண்டியது அவற்றைத் தரம் பிரித்தறிவதே.

முதலாவது அச்சுப்பிழை. ரகர றகர மயக்கம், விடுபட்ட ஒற்று, இரு முறை அச்சான வரி போன்றவை கண்ணை உறுத்துமேயன்றிப் பெரும்பாலும் கருத்தைக் கெடுப்பதில்லை. இவற்றை ஆசிரியருக்குத் தனியே எழுதி அனுப்பினாற் போதும். இவற்றை மேடையில் எண்ணிக்காட்டுவது விமரிசனமாகாது; வாத்தியார் சிவப்பு மையோடு வகுப்பறைக்கு வெளியேயும் திரிகின்றார் என்பதையே அது காட்டும்.

இரண்டாவது பிழையல்லாத பிழை. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். தெல்லிப்பழை என்று எழுதுவோரும் உளர். தெல்லிப்பளை என்று எழுதுவோரும் உளர். இரு வடிவங்களும் அச்சிலும் பெயர்ப்பலகைகளிலும் வழங்கி வருகின்றன. ஒன்றைப் பழகியவர் மற்றதைப் பிழையென்று அடித்துவிடுவது அறியாமை. இதனினும் பெரிய பாடம் 1960களின் தொடக்கத்தில் நமக்குக் கிடைத்தது. உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்களைப் பார்த்து, அது 'இழிசனர் வழக்கு' என்றும் தமிழுக்கு ஊறு என்றும் பழமைவாதிகள் கண்டித்தனர். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோர் அக்கண்டனத்தை எதிர்கொண்டு வாதிட்டனர். அன்று பிழையென்று ஒதுக்கப்பட்ட மொழிதான் பின்னர் கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்களுக்கு உயிர்மூச்சாயிற்று. யாருடைய மொழி பிழை, யாருடைய மொழி மரபு என்று தீர்ப்புக் கூறுபவர் யார் என்னும் கேள்வியைக் கேளாமற் சிவப்பு மையைத் தொடுதல் தகாது.

மூன்றாவது தகவற்பிழை. ஆண்டு, பெயர், இடம், உறவுமுறை ஆகியவற்றில் நேரும் இவை பரவுந் தன்மையுடையன. நல்லூரின் தோற்றத்தைச் சகம் 870 என்று, அதாவது கி.பி. 948 என்று, குறிக்கும் பழஞ்செய்யுளொன்று உண்டு. ஆராய்ச்சியாளர் பலர் இக்கணக்கை ஐயுற்று, செய்யுள் கூறும் புவனேகபாகுவை 15ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை வென்று ஆண்ட சப்புமல் குமாரனோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தனர். யாழ்ப்பாண வைபவமாலையின் கூற்றுகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கென்றே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்னும் தனி நூலை வெளியிட்டார். அதன் பின்னரும், ஐயத்தின் நிழல்கூடப் படியாமல் அந்த 948 மலருக்கு மலர் தாவிச் செல்கின்றது. முன்னவர் எழுதியதைப் பின்னவர் பார்த்தெழுதுகின்றார். பத்துப் பேர் எழுதியபின் அதுவே சான்றாகிவிடுகின்றது. ஆகவே தகவற்பிழையை ஆசிரியரின் காதோடு மட்டும் சொல்லி நிறுத்துதல் போதாது. நூல் சென்ற இடமெல்லாம் திருத்தமும் செல்லவேண்டும். அதேவேளை, ஞானப்பிரகாசர் வைபவமாலையைக் கிழித்தெறியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதனை வரிவரியாகப் படித்து, சான்றுகளோடு மோதவிட்டு, நிற்பது எது நில்லாதது எது என்று காட்ட முயன்றார். அவர் முடிபுகளிலும் பின்வந்தோர் மாறுபட்டனர். ஆராய்ச்சி வளர்வது அவ்வாறுதான்.

நான்காவது விடுபாடு. மெய்ப்புத் திருத்துபவர் எவரும் இதனைக் காணமாட்டார். ஏனெனில் இல்லாத வரியில் எழுத்துப்பிழை இருக்கமுடியாது. தெல்லிப்பழைப் பகுதியின் வரலாற்றை ஒருவர் எழுதுகின்றார் என்று கொள்வோம். கோயில்கள் வருகின்றன, பள்ளிக்கூடங்கள் வருகின்றன, உடையார்களும் அப்புக்காத்துமாரும் மருத்துவர்களும் படங்களோடு வருகின்றனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதனால் உள்ளே விடப்படாத மக்கள் வழிபாட்டுரிமை கோரி நின்ற வரலாறு அந்நூலில் வராவிட்டால் அதனை எந்தப் பிழையென்று சொல்வது? 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும், அச்சட்டத்துக்கு உயிர்கொடுக்க மக்கள் போராட வேண்டியிருந்தது என்பதும் ஊர் வரலாறுதானே? தோட்டத்திற் புகையிலைக்கு நீரிறைத்தவர், கல்லுடைத்தவர், பனையேறியவர், துணி வெளுத்தவர் ஆகியோர் பெயரின்றி, 'ஏனைய சமூகத்தவர்' என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுவது தற்செயலா? பெண்கள் 'அன்னாரின் பாரியார்' என்று மட்டுமே தோன்றுவது இடநெருக்கடியாலா? ஒற்று விடுபட்டால் ஓடிச்சென்று சுட்டும் நாம், ஒரு குறிச்சி மக்கள் முழுமையாய் விடுபட்டதைக் கண்டும் நயப்புரை ஆற்றுகின்றோம். அச்சுப்பிழையை மன்னிக்கலாம், இந்த அறப்பிழையைக் கண்டும் வாளாவிருத்தல் அதற்கு உடந்தையாதலே.

இனி, பிழையைக் கையாண்ட முறைக்கு நம் மரபிலேயே இரு எடுத்துக்காட்டுகள் உள. ஒன்று சூறாவளி முறை. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தைக் கண்டித்துச் சிவஞான முனிவர் எழுதிய நூலுக்கு 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்றே பெயர். அதன் புலமை ஆழத்தை எவரும் மறுக்கமாட்டார். எனினும் அந்தப் பெயரின் வேகம் மட்டும் நமக்கு மரபுரிமையாய் வந்து, புலமை பின்தங்கிவிட்டது! இலக்கண விளக்கத்தை 1889இல் அச்சேற்றியவர் நம் தாமோதரம்பிள்ளை என்பது இங்கே நினைக்கத்தக்கது. சூறாவளிக்கு இலக்கான நூலும் மக்கள் கையிற் கிடைத்தாற்றான், எது சரி எது பிழை என்று மக்களே தீர்மானிக்க முடியும்.

மற்றையது கணேசையர் முறை. புன்னாலைக்கட்டுவனிற் பிறந்து, தெல்லிப்பழைக்கு அண்மையிலுள்ள வறுத்தலைவிளானில் வாழ்ந்து மாணவருக்குப் பாடஞ்சொன்ன மகாவித்துவான் சி. கணேசையர், அச்சான தொல்காப்பிய உரைகளைப் பல்லாண்டுகள் பயின்றார், கற்பித்தார், கற்பிக்குந்தோறும் தாம் கண்ட பிழைகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் விளக்கங்களையும் குறித்து வைத்தார். அக்குறிப்புகளின் அருமையை உணர்ந்த 'ஈழகேசரி' நா. பொன்னையா, சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் அவற்றை உரையோடு சேர்த்துப் பதிப்பித்தார். எழுத்ததிகாரம் 1937இலும் சொல்லதிகாரம் 1938இலும் பொருளதிகாரத்தின் இரு பகுதிகள் 1943, 1948ஆம் ஆண்டுகளிலும் வெளியாயின. நகரத்திலிருந்து விலகிய ஒரு கிராமத்து வாசகரின் திருத்தக் குறிப்புகள் தமிழுலகம் முழுவதும் போற்றும் பதிப்பாயின! அவர் கையாண்ட நெறி மூன்று சொற்களில் அடங்கும்: படித்தார், ஒப்பிட்டார், குறித்தார். பரிகாசம் அப்பட்டியலில் இல்லை.

இம்முறையை இன்றைய நிலைக்கேற்ப நாம் எவ்வாறு கைக்கொள்வது?

நூலைப் படிக்கும்போது பக்கமும் வரியும் குறித்து ஒரு தாளில் எழுதுவோம். இருப்பது, இருக்கவேண்டியது, அதற்குச் சான்று என்று மூன்று நிரல்கள் போதும். சான்று காட்டமுடியாத இடத்திற் 'பிழை' என்று எழுதாமல் 'ஐயம்' என்று எழுதுவோம். அத்தாளை முதலில் ஆசிரியருக்கே அனுப்புவோம். எழுத்திலே அனுப்புவது சிறந்தது. பேச்சு மறக்கப்படும், அன்றேல் மனத்தாங்கலாகத் திரியும். உரிய அவகாசத்தின் பின்னரும் மறுமொழியில்லையேல், தகவற்பிழைகளையும் விடுபாடுகளையும் சஞ்சிகைகளுக்கு எழுதுவோம். அங்கும் பேச்சு நூலைப் பற்றியதாக இருக்கட்டும். ஆசிரியரின் படிப்பும் பிறப்பும் பணமும் நம் பேச்சுக்கு அப்பாற்பட்டவை. பாடசாலை நூலகத்திலும் சனசமூக நிலையத்திலும் உள்ள பிரதியில் மையால் அடித்துத் திருத்துவதை விடுத்து, திருத்தத்தாள் ஒன்றை ஒட்டுமாறு நூலகரைக் கேட்போம். அடுத்த வாசகர் இரண்டையும் பார்த்துத் தாமே முடிவு செய்யட்டும்.

"ஏழை எழுத்தாளனை நோகடிக்கலாமா?" என்று சிலர் கேட்பர். பொய்ப்புகழ்ச்சி அவருக்குச் செய்யும் நன்மை என்ன? அடுத்த நூலையும் அதே பிழைகளோடு, அதே கடனோடு அச்சிடத் தூண்டுவதன்றி வேறில்லை. உள்ளபடி படித்துத் திருத்தம் அனுப்புபவரே, "உமது நூலை நான் முழுமையாகப் படித்தேன்" என்று அவருக்குச் சொல்பவர். வெளியீட்டு விழாவில் நூறு பேர் பிரதி வாங்கியும் ஒருவர்கூடப் படிக்கவில்லையென்னும் துயரத்தைவிடப் பத்துப் பிழைகள் சுட்டிய ஒரு கடிதம் எழுத்தாளருக்கு இனிமையானதாகவே இருக்கும், இருக்கவேண்டும்.

அவ்வாறு அமைவதற்கு ஆசிரியரின் பங்கும் தேவை. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் வெளியிட்டபோது கண்டனங்களும் கிளம்பின. அவர் ஓய்ந்துவிடவில்லை, 1907இலும் 1922இலும் திருந்திய பதிப்புகளைக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத், தம் நூல்களிற் பிழை கண்டு முதலில் அறிவிக்கும் வாசகர் ஒவ்வொருவருக்கும் 2 டொலர் 56 சதம் பரிசு என்று அறிவித்தார். அவர் அனுப்பிய காசோலைகளை மாற்றாமற் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டோர் பலர். நம் எழுத்தாளரிடம் டொலர் இல்லை, ஆயினும், "பிழை காணின் அறியத்தருக, அடுத்த பதிப்பில் நன்றியோடு திருத்துவேன்" என்று முகவரியோடு ஒரு வரி அச்சிடக் காசு வேண்டுவதில்லை. விற்பனையாகாத பிரதிகளுக்குள் ஒரு திருத்தத்தாளை வைப்பதற்கும் பெருஞ்செலவில்லை.

பிழை மலிந்த நூலைத் தூக்கியெறியுங்கள் என்று சொல்வோருக்கு ஒன்று கூறுவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் கையிற் கிடைத்ததோடு ஓடினர்; பலருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பிவர வழியிருக்கவில்லை. வீடுகளோடு உறுதிகளும் கடிதங்களும் படங்களும் அலுமாரிப் புத்தகங்களும் அழிந்தன. இன்று ஓர் ஒழுங்கையின் பெயரையோ, ஒரு கிணற்றின் வரலாற்றையோ, இல்லாதொழிந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் பெயரையோ அறிய வேண்டுமாயின், யாரோ ஒருவர் நினைவிலிருந்து எழுதித் தம் செலவில் அச்சிட்ட மெல்லிய புத்தகமொன்றே நமக்கிருக்கும் சான்றாகலாம். நினைவு தவறும், ஆகவே அந்நூலிற் பிழை இருக்கும். அதனாலேயே அதனைக் காக்கவும் வேண்டும், திருத்தவும் வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தைப் போன்ற முயற்சிகளால் இந்நூல்கள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. பிழையும் அவ்வாறே உலகெங்கும் செல்கின்றது. திருத்தம் மட்டும் நம் மேசை இழுப்பறைக்குள் கிடக்கலாமா?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் தனிப்பொறுப்பு உண்டு. உயர்வகுப்பு மாணவர் ஐவர் ஓர் ஊர் வரலாற்றை எடுத்துக்கொள்ளட்டும். அதிற் காணும் ஆண்டுகளைப் பாடசாலைப் பதிவேட்டோடும் கோயிற் கல்வெட்டோடும் முதியோர் வாய்மொழியோடும் ஒப்பிடட்டும். புத்தகத்தில் இடம்பெறாத குறிச்சிகளுக்குச் சென்று, அங்குள்ள மூதாட்டிகளையும் தொழிலாளரையும் கேட்டு எழுதட்டும். ஒரு தவணைக்குள் அந்நூலுக்கு ஒரு திருத்தமும் ஒரு பின்னிணைப்பும் உருவாகிவிடும். நூலாசிரியர் உயிரோடிருந்தால் அதனை அவர் கையிற் கொடுக்கலாம். மறைந்திருந்தால் நூலகப் பிரதியோடு சேர்க்கலாம். பரீட்சைக்காகப் படிக்கும் பத்துப் பாடங்கள் கற்பிக்காத ஒன்றை இந்த வேலை கற்பிக்கும்: அச்சில் வந்ததெல்லாம் உண்மையன்று, உண்மையை அச்சுக்குக் கொண்டுவருவது நம் கையிலேயே இருக்கின்றது.

பதிப்பகமற்ற நாட்டிலே வாசகரே ஒப்புநோக்குநர்; வாசகரே பரிசோதகர். அடுத்த வெளியீட்டு விழாவுக்குச் செல்லும்போது கடிதவுறையிற் காசை வைப்போம். ஒரு மாதத்தின் பின் இன்னொரு கடிதவுறையிலே, பக்கமும் வரியும் குறித்த தாளை வைத்து அதே முகவரிக்கு அனுப்புவோம். முன்னையது இந்த நூலின் கடனுக்கு உதவும். பின்னையது இந்த ஊரின் அறிவுக்கு உதவும்.